மலைக்கு மேல் ஒரு வழி

கங்கை மலைகளிடம் விடைபெற்றுக்கொண்டு சமவெளியில் அடியெடுத்து வைக்கும் இடம் ரிஷிகேசம். தமிழர்க்கு இவ்வூர் புதியதன்று. நெல்லைச் சீமையின் பத்தமடையிற் பிறந்து, மருத்துவம் பயின்று, மலாய் நாட்டில் தொழில் புரிந்து, பின்னர்த் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர் ஆசிரமம் அமைத்தது இந்த ஆற்றங்கரையில்தான். நம் சங்கக் குடும்பங்களுட் சிலவேனும் ஆண்டுதோறும் இங்கு வந்து நீராடித் திரும்புகின்றன. வருவோர் ஆற்றைக் காண்பர். தொங்கு பாலத்தைக் காண்பர். மாலை விளக்குகளைக் காண்பர். வடக்கே மதில்போல் எழுந்து நிற்கும் மலையைப் பார்த்து, ‘இதற்கு அப்பால் வாழ்வோர்க்கு நோய் வந்தால் மருந்து எவ்வழியே செல்கிறது?’ என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு அண்மையில் கிடைத்துள்ள புதிய விடை ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற புரட்டாசித் திங்களின் இறுதியில் நாம் மூவர் டில்லியிலிருந்து புறப்பட்டோம். நம்முடன் வந்தவருள் ஒருவர் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர். சங்கத்தின் மூத்த உறுப்பினர். அவருடைய மகள் சம்பா என்னும் மலையூருக்கு அப்பால் ஒரு சிறு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறார். மகளைக் காண வேண்டுமென்பது தந்தையின் ஆவல். மலையைக் காண வேண்டுமென்பது நம் ஆவல்.

ஹரித்துவாரம் வழியாக யோக நகரி ரிஷிகேசம் நிலையத்தில் இறங்கினோம். இந்த நிலையத்திலிருந்தே கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீட்டர்ப் புதிய இருப்புப்பாதை அமைக்கப்படுகிறது. அதில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் சுரங்கத்தினுள்ளேயே செல்லும். தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் இடையே 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சுரங்கம் 2025 ஏப்ரலில் மறுபுறம் திறந்தது. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இச்செய்தியில் பெருமை இருப்பது இயல்பே. ஆனால் மலையைக் குடைந்து போவது ஒரு வழி. சுற்றிப் போவது ஒரு வழி. மேலே பறந்து போவது மூன்றாவது வழி.

முதலிற் சுற்றிப் போகும் வழியைக் கூறுவோம். ரிஷிகேசம் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை நரேந்திர நகரில் 1,300 மீட்டரை எட்டுகிறது. அதற்கப்பால் ஆக்ராகால் கணவாய். பிறகு ஏறிய உயரத்திற் பெரும்பகுதியை இழந்து ஹேன்வல் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். மீண்டும் ஏறினால் 1,600 மீட்டர் அளவில் சம்பா. அதனையடுத்துப் புதிய டெஹ்ரி நகரம். மொத்தம் 75 கிலோமீட்டர் அளவு. பழைய டெஹ்ரி நகரம் இன்று நீருக்கடியில் இருக்கிறது. 260 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணையின் நீர்த்தேக்கம் அதனை விழுங்கிவிட்டது. மக்கள் மலைமேல் குடியேறினர். புலம்பெயர்ந்தோர் என்றால் நம்மைப் போல் ரயிலேறி வந்தவர்கள் மட்டுமல்லர். ஊரே தண்ணீருள் போக, மேட்டுக்கு ஏறியவர்களும் அப்பெயருக்கு உரியவர்களே.

வெயிற் காலத்தில் இச்சாலையில் பயணம் இனியது. மழைக்காலத்திலோ எந்த வளைவில் மலை சரிந்து கிடக்கும் என்று ஒருவராலும் கூற இயலாது. பெரியவரின் மகள் நமக்குத் தேநீர் கொடுத்தபடியே அந்தத் துன்பத்தை விவரித்தார். காசநோய்க்கு வழக்கமான மருத்துவம் ஆறு மாத காலம். இடையில் மருந்து தவறினால் நோய்க் கிருமி அழியாமல் எஞ்சி, அதே மருந்துக்குப் பணியாத கிருமியாக மாறக்கூடும். அப்புறம் நோயாளிக்கும் கேடு. அவருடன் ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் கேடு. முந்தைய மழைக்காலத்தில் சாலை மூன்று நாள் அடைபட்டபோது, ஆறு மாதத்தில் ஐந்தாம் மாதத்தை முடித்திருந்த ஒரு தாய்க்கு மாத்திரை தீர்ந்துபோயிற்றாம். சரிந்த மண்ணின் மேலேறிக் கடந்து, அடுத்த ஊரிலிருந்து வாங்கி வந்தவர் அப்பெண்ணின் கணவர். “அவர் கால் வழுக்கியிருந்தால் நான் யாருக்கு மருந்து கொடுப்பது, மாமா?” என்று அந்தச் செவிலி நம்மைக் கேட்டார். விடை சொல்ல வாய் வரவில்லை.

நிற்க. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், ரிஷிகேசத்து எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலிகாப்டர்த் தளத்திலிருந்து ஒரு டிரோன் காசநோய் மருந்தைச் சுமந்துகொண்டு எழுந்தது. டெஹ்ரி மாவட்ட மருத்துவமனை வரை வானவழியில் 40 கிலோமீட்டர் அளவுள்ள தூரத்தை அது ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கடந்தது. அது சோதனைப் பயணம். ஓட்டுநர் அமர இடமில்லாத ஒரு சிறு பொறி, முன்கூட்டி எழுதிக் கொடுத்த வழியைப் பின்பற்றி, மலையைத் தாண்டியது. எப்படித் தாண்டியது? அதற்கு வழி வகுப்பது யார்? எதைக்கொண்டு வகுக்கிறார்கள்?

இதனை அறியும் வாய்ப்பு ஆக்ராகாலுக்கு அருகில் நமக்குக் கிடைத்தது. சரிந்த மலைச்சரிவு ஒன்றை டிரோன் கொண்டு படமெடுத்து அளக்க மூவர் கொண்ட குழு அங்குத் தங்கியிருந்தது. அவர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளி இளைஞர். தேநீர்க் கடையில் நம் பேச்சைக் கேட்டவுடன், “தமிழா அண்ணா?” என்று எழுந்து வந்துவிட்டார். அன்று பிற்பகல் முழுவதும் தம் வேலையை நமக்கு விளக்கினார்.

“அண்ணா, சமவெளியில் டிரோன் ஓட்டுபவன் ‘எவ்வளவு உயரம்’ என்று மட்டும் கேட்டால் போதும். மலையில் ‘எதிலிருந்து உயரம்’ என்று கேட்க வேண்டும்” என்று தொடங்கினார் தம்பி. பல டிரோன்கள் தாம் எழும்பிய இடத்தையே பூச்சியமாகக் கொள்கின்றன. ரிஷிகேசத்தில் நின்று ‘120 மீட்டர் உயரத்தில் வடக்கே செல்’ என்று கட்டளையிட்டால், அது கடல்மட்டத்துக்குமேல் 470 மீட்டரிலேயே செல்லும். எதிரே உள்ள குஞ்சாபுரி மலையோ 1,600 மீட்டருக்கு மேற்பட்டது. மலையின் இடுப்புக்குக்கூட எட்டாமல் முழங்காலில் மோதி விழும்.

கடல்மட்டத்தையே பூச்சியமாகக் கொள்ளலாமே என்றோம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு என்றார். செயற்கைக்கோள் நேராகக் காட்டும் உயரம், கணக்கின் வசதிக்காகப் பூமிக்கு வகுத்துக்கொண்ட நீள்வட்ட வடிவின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுவது. அது கடல்மட்டத்தோடு ஒத்துப் போவதில்லை. நம் சென்னையில் இவ்விரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வேறுபாடு. இமயத்தின் அடிவாரத்தில் அதைவிடக் குறைவு. ஆயினும் பல பத்து மீட்டர். ஒரு படத்தில் ஒரு கணக்கும், பொறியில் மற்றொரு கணக்கும் இருந்தால், தாளில் தப்பும் டிரோன் மலையில் தப்பாது.

ஆகவே முதலில் வேண்டுவது நல்ல உயரப் படம். இங்கே நாம் ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் தகும். இந்தியப் பெருநிலத்தைக் கோண முறையில் அளக்கும் மாபெரும் பணி 1802 ஏப்ரலில் நம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில்தான் தொடங்கியது. லாம்டன் என்னும் ஆங்கிலப் படைவீரர் அங்கே சங்கிலி பிடித்து அடிக்கோடு ஒன்றை அளந்தார். அவருக்குப் பின் எவரெஸ்ட் என்பார் அப்பணியை இமயத்தின் அடி வரை கொண்டுவந்தார். இந்திய நில அளவைத் துறையின் தலைமையிடம் இன்றும் இம்மலைகளுக்கு அருகே டேராடூனில் உள்ளது. தெற்கே நம் ஊரில் ஊன்றிய முளையிலிருந்து புறப்பட்ட கணக்கு, இம்மலைகளில் வந்து நிற்கிறது.

இன்றைய உயரப் படங்கள் வானிலிருந்து எடுக்கப்பட்டவை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் என்னும் அமெரிக்க விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியின் மேடுபள்ளங்களை அளந்தது. 2005-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் நாட்டுக் கார்ட்டோசாட்-1 இரண்டு காமிராக்களால் ஒரே இடத்தை இரு கோணத்தில் படமெடுத்து உயரம் கணித்தது. இப்படங்கள் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் கூறுகின்றன.

சமவெளிக்கு இது தாராளம். மலைக்கோ போதாது. 45 பாகைச் சரிவில் புள்ளி 30 மீட்டர் பக்கவாட்டில் விலகினால், உயரத்திலும் 30 மீட்டர் பிழைபடும். தேவதாரு மரத்தின் உச்சியைத் தரையென்று எண்ணும் இடமும் உண்டு. படத்தின் வயதையும் பார்க்க வேண்டும். 2000-இல் எடுத்த படத்தில் பழைய டெஹ்ரி நகரின் பள்ளத்தாக்கு வெறும் பள்ளத்தாக்காகவே இருக்கிறது. இன்று அங்கே நீர் நிற்கிறது. எல்லாவற்றினும் கொடியது மின்கம்பி. டெஹ்ரி மின்நிலையத்திலிருந்து சமவெளிக்குச் செல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் ஒரு மலைமுடியிலிருந்து மறு மலைமுடிக்குப் பள்ளத்தாக்கின் குறுக்கே தாவுகின்றன. எந்த உயரப் படத்திலும் அவை தெரியா. அதனால்தான் முதல் நாள் டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நடந்து சென்று கண்ணாற் பார்த்து ஒவ்வொரு கம்பியையும் குறித்துக்கொள்வதாகத் தம்பி கூறினார். ரயில்வேயிலும் புதுப் பாதையில் வண்டி விடுமுன் காலால் நடந்து பார்ப்பவர் உண்டு. தொழில் வேறாயினும் ஒழுங்கு ஒன்றுதான்.

‘அப்படியானால் மிக உயரத்தில், எல்லா மலைக்கும் மேலாகப் போய்விட்டால் என்ன?’ என்று பெரியவர் கேட்டார். அதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அஃதாவது 120 மீட்டர் வரையில்தான் தனி அனுமதியின்றிப் பறக்கலாம். ஒரு முடியிலிருந்து மறு முடிக்கு நேர்க்கோட்டில் பறந்தால், நடுவில் பள்ளத்தாக்குக்குமேல் பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்க நேரும். அங்கே ஹெலிகாப்டர்கள் வரும். அருகிலேயே டேராடூன் விமான நிலையமும் இருக்கிறது. கண்ணுக்கெட்டாத தொலைவு செல்வதற்கும் தனி அனுமதி வேண்டும். ஆகவே மருந்து டிரோனுக்கு அனுமதி பெற்ற வழி. மற்றவற்றுக்குத் தரையைத் தடவிச் செல்லும் வழி.

தரையைத் தடவிச் செல்வதென்றால், மலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்க வேண்டும். வழி நெடுகப் புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் எழுதுகிறார்கள். இரண்டு புள்ளிகளும் சரியாக இருந்து, அவற்றுக்கு நடுவில் ஒரு முகடு ஒளிந்திருந்தால் கதை முடிந்தது. எனவே வழியின் குறுக்குவெட்டைக் கணிப்பொறித் திரையில் வரைந்து, தரைக்கோட்டுக்கும் பறக்கும் கோட்டுக்கும் இடைவெளி எங்கேனும் குறைகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார்கள். ரயில் பாதையருகே ஏற்ற இறக்கத்தைக் கூறும் சரிவுப் பலகையை நேயர்கள் கண்டிருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் நீலகிரி ரயில் 12-க்கு 1 என்னும் ஏற்றத்தைப் பற்சக்கரத்தின் துணையால் ஏறுகிறது. வானவழிக்குப் பலகையும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. எல்லாவற்றையும் தாளிலேயே முன்கூட்டி நட்டாக வேண்டும்.

அடுத்தது, வீடு திரும்பும் உயரம். வானொலித் தொடர்பு அறுந்தால் டிரோன் தானே எழும்பிய இடத்துக்கு நேர்க்கோட்டில் திரும்புமாறு அமைத்திருப்பர். மலை குறுக்கிட்டால் வானொலி அலை போகாது. ஆகவே இங்கே தொடர்பு அறுவது அரிய நிகழ்ச்சியன்று. போகும்போது மலையைச் சுற்றிச் சென்ற டிரோன், திரும்பும்போது நேராக வந்தால் அதே மலையில் மோதும். “போகிற வழியைவிடத் திரும்புகிற வழியைத்தான் அதிக நேரம் யோசிப்போம், அண்ணா” என்றார் தம்பி. மலைமுகட்டில் இடைநிலை வானொலி வைப்பதும், நடுவழியில் பத்திரமாக இறங்கத்தக்க சமதரைகளை முன்னமே குறித்து வைப்பதும் இதற்காகவே.

பின்னர்க் காற்று. பகலில் வெயிலேற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று மலைமேல் ஏறும். இரவில் குளிர்ந்து கீழே பாயும். முகட்டைக் கடந்து மறுபுறம் சென்றதும் காற்று சுழன்று டிரோனைக் கீழ்நோக்கி அழுத்தும். உயரம் கூடக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. 2,000 மீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறிகள் மேலும் விரைந்து சுழல வேண்டும். மின்கலம் மேலும் விரைந்து தீரும். குளிரும் மின்கலத்தின் சக்தியைக் குறைக்கும். எனவே நான்கில் ஒரு பங்கேனும் மிச்சமிருக்கும்போதே தரையிறங்கும்படி கணக்கிடுகிறார்கள்.

படமெடுக்கும் பணிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படங்கள் பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமென்று வழி வகுத்தார்கள் என்று கொள்வோம். நடுவில் 60 மீட்டர் உயரக் குன்று ஒன்று வந்தால் டிரோனுக்கும் குன்றுக்கும் இடையே 40 மீட்டர்தான் இருக்கும். படத்தின் அகலமும் அவ்வளவாகச் சுருங்கும். 70 சதவீதம் 25 ஆகிவிடும். படங்களை ஒட்டவே முடியாது. ஆகையால் முகட்டைக் குறுக்காகக் கடவாமல், மாட்டுவண்டிப் பாதை மலையைச் சுற்றுவதுபோல் சம உயரத்தில் வரிவரியாகப் பறக்கிறார்கள்.

அன்று பிற்பகல் நான்கு மணி. எல்லாம் ஆயத்தம். டிரோன் பலகையின்மேல் நிற்கிறது. அப்போது ஹேன்வல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மெல்ல ஏறி வந்து எதிர் முகட்டின் பாதியை மறைத்தது. தம்பி வானத்தைப் பார்த்தார். பொறியை அணைத்துப் பெட்டியில் வைத்தார். தொலைபேசியில் யாரோ வேலையை அன்றே முடிக்கும்படி வற்புறுத்தினார். தம்பி, “தெரியாத முகட்டுக்கு அனுப்பமாட்டேன், சார், நாளைக் காலை” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். சிகப்பு விளக்கின் முன் வண்டியை நிறுத்தும் ஓட்டுநரின் முகம் நம் நினைவுக்கு வந்தது. மறுநாட் காலை ஏழு மணிக்கு, காற்று எழுமுன், அந்தச் சிறு பொறி எழுந்து 18 நிமிடத்தில் சரிவு முழுவதையும் படமெடுத்துத் திரும்பிற்று. முந்திய நாள் நடந்து குறித்த கம்பிக்கு நல்ல இடைவெளி விட்டு அது சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம்.

பெரியவர்தாம் உள்ளத்தில் நின்ற கேள்வியைக் கேட்டார்: “தம்பி, சாலை அடைபடுவது மழையால். மழையில் உங்கள் டிரோன் பறக்காது. பிறகு என் மகளுக்கு இதனால் என்ன பயன்?”

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூறினார்: “ஐயா, மழை மூன்று நாளும் விடாமல் பெய்வது அரிது. நடுவில் ஒரு மணி, இரண்டு மணி விடும். சாலையை அந்த நேரத்தில் சீர்செய்ய முடியாது. டிரோனுக்கு அரை மணி போதும். வழி முன்னமே வகுத்து, சோதித்து, அனுமதி பெற்று வைத்திருந்தால் அந்த அரை மணியைப் பிடிக்கலாம். மழை விட்ட பிறகு உட்கார்ந்து வழி வகுத்தால் பிடிக்க முடியாது.”

இதைவிடத் தெளிவான விடையை நாம் கேட்டதில்லை. 2024 அக்டோபரில் எய்ம்ஸ் உள்ளிட்ட பல பெரிய மருத்துவமனைகளில் டிரோன் பணி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் பொறியை வாங்கிவிடுவதால் மட்டும் மருந்து மலையேறிவிடாது. ஒவ்வொரு சிற்றூருக்கும் வழி ஒன்றைப் பொறுமையுடன் வகுத்து வைக்கும் மனிதர் வேண்டும். மூட்டையில் இரண்டு மூன்று கிலோ மருந்துதான் போகும். நோயாளி போக இன்னும் சாலைதான் வேண்டும். அதனையும் மறத்தலாகாது.

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. டிரோன் ஓட்டும் சான்றிதழ் பெறப் பட்டப்படிப்பு கட்டாயமன்று. விதிகளின்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65-ஐத் தாண்டலாகாது, பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயில வேண்டும். மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் போன்றோருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இத்துறையில் தமிழகத்துக்கு நல்ல பெயரும் உண்டு. சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

திரும்பும் வழியில் பெரியவர் மகளிடம் விடைபெற்றபோது, மருத்துவமனையின் பின்புறத்தில் சமமாக வெட்டிச் சுண்ணாம்பினால் வட்டமிட்ட ஒரு சிறு இடத்தை அவர் நமக்குக் காட்டினார். முற்றத்தில் கோலமிடும் கை இட்ட வட்டம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. “இன்னும் இங்கே எதுவும் வந்து இறங்கவில்லை, அப்பா. ஆனால் இடத்தைத் தயாராக வைத்திருக்கிறோம், பக்கத்து மரக்கிளையையும் வெட்டியாயிற்று” என்றார். ரிஷிகேசம் செல்லும் அன்பர்கள் நீராடியபின் ஒரு நாள் ஒதுக்கி, நரேந்திர நகர் வழியாகச் சம்பா வரை சென்று வருக. காலைப் பேருந்தில் சென்றால் மலைச்சரிவுகளைக் காணலாம். கம்பளி ஒன்று உடன் இருக்கட்டும்.